அணைத்துப் போட்டால் நெட் வருமா?

"அண்ணா, பொட்டிய ஒரு வாட்டி ஆஃப் பண்ணிப் போடுங்க. அஞ்சு நிமிஷம் பாத்துட்டுக் கூப்புடுங்க. வரலன்னா பையன அனுப்புறேன்." திண்டிவனத்துக்கு வடக்கே ஒலக்கூர் வட்டாரத்தில் நெட் போய்விட்டது என்று கேபிள்காரருக்குப் போன் போட்டால் பெரும்பாலும் இதுதான் பதில். கம்பெனியின் கட்டணமில்லா எண்ணுக்குப் போட்டாலும் இதே பதில்தான், பதிவுசெய்த பெண்குரலில், கொஞ்சம் நீட்டி வரும்.

இந்த ஒற்றை வரியைச் சுற்றி இரண்டு கட்சி உண்டு. ஆளை அனுப்பாமல் நாளைக் கடத்தச் சொல்லும் சாக்கு என்பது ஒரு கட்சி. நெட் எப்போது படுத்தாலும் சுவிட்சைத் தட்டினால் போதும் என்பது எதிர்க்கட்சி. மறுதொடக்கத்தைப் பற்றிப் பொறியாளர்கள் நாற்பது ஆண்டாக எழுதிவைத்திருப்பதையும், விழுப்புரம் மாவட்டத்தில் கம்பியும் கரண்டும் இருக்கும் நிலையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு கட்சியும் பாதிதான் ஜெயிக்கும். அணைத்துப் போடுவது உண்மையாகவே வேலைசெய்யும். ஆனால் கோளாறு பெட்டிக்குள் இருந்தால் மட்டும். ஒலக்கூர் மாதிரி ஊர்களில் கோளாறு வெளியே இருக்கும் வாய்ப்பே அதிகம் என்பது என் கணிப்பு.

முதலில் ஊருக்கு நெட் வரும் வழி. ஒலக்கூர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சென்னை–விழுப்புரம் ரயில் பாதையில் அதற்கென்று ஒரு நிலையம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் தூரமில்லை. நெடுஞ்சாலை ஓரத்திலும் தண்டவாளத்தின் ஓரத்திலும் கண்ணாடி இழைக் கேபிள்கள் புதைந்து கிடக்கின்றன. ரயில்வேயின் சொந்த நிறுவனமான ரயில்டெல் 2000இல் தொடங்கப்பட்டதே தண்டவாளத்தை ஒட்டி இழை பதிக்கத்தான். சென்னைக்கும் தெற்குக்கும் இடையே பாயும் தரவில் ஒரு பங்கு அந்த வழியே போகிறது. ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டிகளைப் போலவே அதுவும் இந்த ஊரில் நிற்பதில்லை. வீட்டுக்கு வருவது வேறு இழை. திண்டிவனம் போன்ற ஊரின் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓர் இழை கிளம்பி, உள்ளூர்க் கேபிள்காரரின் கடையிலோ வாடகை அறையிலோ இருக்கும் ஓஎல்டி என்ற கருவிக்கு வருகிறது. அங்கிருந்து கம்பத்துக்குக் கம்பம் தாவி, தென்னை மட்டையையும் புளியங்கிளையையும் உரசிக்கொண்டு, தெருமுனையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஸ்பிளிட்டரில் பிரிந்து, உங்கள் ஜன்னல் ஓரத்து ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. பிஎஸ்என்எல்லுக்கு இந்தக் கேபிள்காரர்கள் வருவாயில் பங்கு பெறும் கூட்டாளிகள். தனியார் இணைப்புகளும் கிராமத்துப் பக்கம் பெரும்பாலும் இவர்கள் தோளில்தான் ஏறி வருகின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு ஜிபான் என்று பெயர். ஒரே இழையில் 32 வீடு, சில இடங்களில் 64 வீடு. இறங்கும் தரவு 1490 நானோமீட்டர் ஒளியில் விநாடிக்கு இரண்டரை கிகாபிட். ஏறும் தரவு 1310இல் அதில் பாதி. இத்தனை வீடும் சேர்ந்து இதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இறங்கும்போது எல்லார் தரவும் எல்லார் வீட்டுக்கும் வரும். உங்கள் பெட்டி உங்களுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஏறும்போதுதான் ஒழுங்கு தேவை: எந்த வீடு எந்த மைக்ரோ விநாடியில் பேசலாம் என்பதை ஓஎல்டி முறை வைத்துச் சொல்கிறது. ஒரு பெட்டியின் லேசர் பழுதாகித் தன் முறை இல்லாதபோதும் எரிந்துகொண்டே இருந்தால் அந்த இழையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் நெட் தடுமாறும். அப்போது முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் தங்கள் பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. முப்பத்திரண்டாவது வீட்டில் ஒருவர் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்தால் தெருவுக்கே நெட் வந்துவிடும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. வாடிக்கையாளரிடம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இப்போது பெட்டிக்குள் போவோம். வைஃபை பெட்டி, மோடம் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு சின்னக் கணினி. உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். விலை குறைய வேண்டும் என்பதற்காக நினைவகத்தை நறுக்கியிருப்பார்கள். 64 அல்லது 128 மெகாபைட் என்பது சாதாரணம். கையில் இருக்கும் மட்டமான போனில்கூட அதைப்போல் பல மடங்கு இருக்கும். அந்தச் சின்ன நினைவகத்துக்குள் பெட்டி பல பதிவேடுகளை எழுதிக்கொண்டே இருக்கிறது. வீட்டிலுள்ள நாலைந்து போன், ஒரு டிவி, வாசலில் ஒரு கேமரா எல்லாம் ஒரே முகவரியின் பின்னால் ஒளிந்துகொண்டு உலகத்தோடு பேசுகின்றன. எந்தப் பேச்சு எந்தக் கருவியுடையது என்று ஓர் அட்டவணையில் குறித்துவைத்தால்தான் பதில் சரியான ஆளுக்குப் போகும். யூடியூப்பில் ஒரு காணொளியைத் திறந்தாலே பல வரிகள் அதில் விழும். பேச்சை ஒழுங்காக முடித்துவிட்டுப் போகும் செயலி தன் வரியை அழித்துவிட்டுப் போகும். வைஃபை எல்லையைத் தாண்டி நடந்துபோன போன் அப்படிச் செய்யாது. அந்தச் செத்த வரியை எவ்வளவு காலம் வைத்திருப்பது? லினக்ஸ் மூலத்தின் இயல்பு அமைப்பில் விடை ஐந்து நாள். பல கம்பெனிகள் இதைக் குறைத்துத்தான் அனுப்புகின்றன. குறைக்காமல் விட்டவையும் உண்டு. அட்டவணை நிரம்பிவிட்டால் புதுப் பேச்சுக்கு இடமில்லை. அப்போது நடப்பது விசித்திரமாக இருக்கும்: ஏற்கெனவே ஓடும் வீடியோ ஓடும், புதிதாக எந்தப் பக்கமும் திறக்காது. விளக்குகள் எல்லாம் பச்சையாகவே இருக்கும். அணைத்துப் போட்டால் ஒரு நொடியில் அட்டவணை காலி. இந்த இடத்தில் அந்தப் பழைய வரி நூற்றுக்கு நூறு சரி.

நினைவகத்தில் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காத நிரல்கள், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவை பாதியில் உறைவது, இவையும் இதே வகை. சூடும் சேர்ந்துகொள்ளும். தூசு படக்கூடாது என்று பெட்டியின் மேல் பூப்போட்ட துணி போர்த்துகிறோம். டிவிக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸின் தலைமேல், காற்றே போகாத இடத்தில் வைக்கிறோம். அக்னி நட்சத்திரத்தில் சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியைத் தொட்டால் கையை எடுத்துவிடுவீர்கள். அணைத்து அரை மணி ஆறவிட்டால் ஓடும், மறுநாள் மதியம் மறுபடி நிற்கும். இங்கே மறுதொடக்கம் செய்வது சும்மா ஆறவைப்பது. துணியை எடுத்தாலே போதும்.

அணைக்கச் சொல்பவர்கள் அரை நிமிடம் பொறுக்கச் சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அடாப்டரிலும் பலகையிலும் உள்ள கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் மின்னைப் பிடித்துவைத்திருக்கும். சட்டென்று தட்டிப் போட்டால் நினைவகம் முழுதாக அழியாமல், பழைய குழப்பத்தோடேயே பெட்டி எழலாம். அந்த அடாப்டரையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். மூன்று வருடம் கழித்து உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்து, பாரம் ஏறும்போது 10, 9 என்று இறங்கும். விளக்கு எரியும், வைஃபை பெயர் தெரியும், நாலு பேர் சேர்ந்தால் பெட்டி தானாகவே அணைந்து எழும். நாளுக்கு நாலு முறை தானே மறுதொடங்கும் பெட்டிக்கு நீங்கள் ஐந்தாவது முறை செய்து ஆகப்போவது என்ன? திண்டிவனம் எலக்ட்ரிக் கடையில் புது அடாப்டர் வாங்கினால் தீர்ந்தது.

பெட்டி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். சேமிப்பிலிருந்து இயங்குநிரல் நினைவகத்துக்கு ஏறுகிறது. ஒளியுணரி கண் விழித்து இழையில் ஒளி இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், தன் வரிசை எண்ணை ஓஎல்டியிடம் சொல்லிப் பதிந்துகொள்கிறது. வீடு எத்தனை தூரம் என்பதை ஓஎல்டி அளந்து முறை ஒதுக்குகிறது. இதுவரை 'பான்' என்று எழுதிய பச்சை விளக்கு சிமிட்டும், முடிந்ததும் நின்று எரியும். அடுத்து, பெட்டி தன்னிடம் சேமித்துள்ள பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்தின் சர்வரிடம் காட்டி உள்ளே போகிறது, முகவரி வாங்குகிறது. அதற்கப்புறம்தான் நெட்.

இந்தக் கடைசிப் படியில் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போகும்போது பெட்டி சர்வரிடம் விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. சர்வரின் கணக்கில் நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். அது அவ்வப்போது விசாரித்து, சில முறை பதில் வராத பிறகுதான் பழைய இணைப்பை முறிக்கும். ஒரு கணக்குக்கு ஒரு நுழைவுதான் என்ற கட்டுப்பாடு இருந்தால், அதற்குள் எழுந்துவந்த உங்கள் பெட்டியை அது வாசலிலேயே நிறுத்திவிடும். நீங்களோ "வரலையே" என்று மறுபடி அணைப்பீர்கள். கேபிள்காரர் சொல்லும் "அஞ்சு நிமிஷம்" அனுபவத்தில் விளைந்த கணக்கு, கேலி செய்வதற்கில்லை.

பழைய செப்புக் கம்பி நாட்களில் இந்தப் பரிகாரத்துக்கு வேறொரு நியாயம் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் தந்தபோது டயல் செய்துதான் நுழைய வேண்டும். துண்டிப்பதும் மறுபடி டயல் செய்வதும் அன்றாட வேலை. 2005இல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. அந்த மோடம் எழும்போதெல்லாம் கம்பியின் தரத்தைச் சோதித்து அதற்கேற்ற வேகத்தை முடிவுசெய்யும். மழையில் ஜாயின்ட் நனைந்திருந்த நேரத்தில் எழுந்த மோடம் குறைந்த வேகத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். வெயில் வந்து ஈரம் காய்ந்த பின் ஒருமுறை அணைத்துப் போட்டால் வேகம் கூடும். கிராமத்து வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இது மாதாமாதம் நடக்கும் சடங்கு. இழைக்கு இந்தப் பேரம் கிடையாது. ஒளி வந்தால் முழு வேகம், இல்லையென்றால் இல்லை. கருவி மாறியபின்னும் நம் கை பழக்கத்தில் சுவிட்சுக்கே போகிறது.

கம்பியே இல்லாத இணைப்பில் இந்த நியாயம் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. 2023இலிருந்து பரவிவரும் 5ஜி ஏர்ஃபைபர் பெட்டிகள் எழும்போதெல்லாம் எந்த டவர், எந்த அலைவரிசை என்று புதிதாகத் தேடும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுப்பதும் இதே வேலைதான். டவர் மாறினால் வேகமும் மாறும். வைஃபை சேனலைப் பற்றி எல்லா வழிகாட்டியும் நிறைய எழுதுகின்றன: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றே, பெட்டி எழும்போது காலியான சேனலைப் பிடிக்கும் என்று. சுவரோடு சுவர் ஒட்டிய திண்டிவனத்துத் தெருவுக்கு அது பொருந்தும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் களமும் மாட்டுக்கொட்டகையும் இருக்கும் ஊரில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை.

இனி, வேலைசெய்யாத இடம். பெட்டியின் முகத்தில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு ஒன்று இருக்கும். கேபிள் பையன்கள் 'லாஸ்' என்பார்கள். அது சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். கிளை விழுந்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், உயரமாக வைக்கோல் ஏற்றிய டிராக்டர் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், சாலை வேலைக்கு வந்த ஜேசிபி தோண்டியிருக்கலாம், ஓஎல்டியிலேயே கரண்ட் இல்லாமல் இருக்கலாம். தோண்டுபவர்களும் கேபிள் உடைமையாளர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியே கொண்டுவந்தது. கம்பத்தில் தொங்கும் கடைசி நூறு மீட்டருக்கு அதனால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரியும்போது பெட்டியை அணைத்துப் போடச் சொல்வது வீண். கேட்பவரும் சொல்பவரும் அதை அறிந்தே செய்கிறார்கள்.

சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் ஓர் இருட்டு வட்டாரம் உண்டு. பையன் வந்ததும் பெட்டியின் பின்னாலிருந்து இழையைப் பிடுங்கி, கையடக்கமான பவர் மீட்டரில் சொருகிப் பார்ப்பார். டெசிபெல் கணக்கில் மைனஸ் 19, மைனஸ் 21 என்று காட்டினால் நல்ல ஒளி. மைனஸ் 27க்கு அப்பால் போனால் பெட்டியின் கண்ணுக்கு எட்டாது. மைனஸ் 26, 27 என்ற விளிம்பில் நிற்கும் வீடுகளில்தான் வேடிக்கை. ஜன்னல் கதவு நசுக்கிய வளைவில், இழை மடங்கிய இடத்தில் ஒளி கசிகிறது. வெயிலில் கேபிள் நீள்வதிலும் காற்றில் ஆடுவதிலும் அந்த ஒரு டெசிபெல் வந்துபோகும். நெட் போகிறது, அணைத்துப் போடுகிறோம், வந்துவிடுகிறது. அந்த மூன்று நிமிடத்தில் காற்று நின்றதா, பெட்டி திருந்தியதா என்று யாருக்குத் தெரியும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சர்வர் பக்கத்துக் கோளாறுகள் பலவும் பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடுபவை. அவற்றின் புண்ணியமெல்லாம் சுவிட்சின் கணக்கில் சேர்கிறது. மறுதொடக்கத்துக்கு இத்தனை நல்ல பெயர் வந்ததில் இந்த இலவசப் புண்ணியத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஆனாலும் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. டேண்டம் என்ற நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே 1985இல் கணினிகள் ஏன் நிற்கின்றன என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். சோதனையெல்லாம் தாண்டிச் சந்தைக்கு வந்த மென்பொருளில் மிஞ்சும் பிழைகளில் பெரும்பாலானவை, அபூர்வமான நேரப் பொருத்தத்தில் தலைகாட்டி, மறுபடி தொடங்கினால் காணாமல் போகிறவை என்பது அவர் கண்டது. அவர் அலசிய ஒரு பதிவேட்டில் 132 கோளாறுகளில் ஒன்றே ஒன்றுதான் மறுபடி மறுபடி அதே இடத்தில் வந்த பிழை. 1995இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹுவாங், கிண்டலா முதலியோர் இன்னொரு படி போனார்கள். நெடுநாள் ஓடும் மென்பொருள் மூப்படைகிறது. அது விழும்வரை காத்திருக்காமல் நாமே நேரம் பார்த்து நிறுத்தி எழுப்பினால் இழப்பு குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எப்போது எழுப்புவது லாபம் என்ற கணிதத்தை டியூக் பல்கலைக்கழகத்தின் கிஷோர் திரிவேதி பல ஆண்டு வளர்த்தார். சில வைஃபை பெட்டிகளின் அமைப்பில் 'வாரம் ஒருமுறை விடியற்காலை மூன்று மணிக்கு மறுதொடங்கு' என்று ஒரு வசதி இருப்பது இந்த ஆய்வின் ஏழை உறவு.

எழுப்ப மறந்ததன் விலையை 1991 வளைகுடாப் போர் காட்டியது. சவூதியின் தஹ்ரானில் அமெரிக்கப் படையின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. பத்தில் ஒன்று என்பதை இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டி எழுதியபோது ஒவ்வொரு எண்ணலிலும் துளித் துளியாகப் பிழை சேர்ந்தது. 100 மணி நேரத்தில் அது 0.34 நொடி. ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பேட்ரியாட் தவறான இடத்தில் தேடியது, ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டது. பிப்ரவரி 25 அன்று படைமுகாமில் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். இந்த நகர்வை இஸ்ரேல் இரு வாரம் முன்பே கண்டு சொல்லியிருந்தது. நெடுநேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி நகரும் என்று படைப்பிரிவுகளுக்குத் தகவலும் போயிருந்தது. நெடுநேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், 26ஆம் தேதி. இடையில் யாராவது ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கும்.

பாடம் பழையதாகிவிடவில்லை. 248 நாள் தொடர்ந்து மின்னூட்டத்தில் இருந்தால் போயிங் 787இன் மின்னாக்கிக் கட்டுப்பாடுகள் ஒரே நேரத்தில் நின்றுபோகலாம் என்று 2015இல் அமெரிக்க விமானத்துறை எச்சரித்தது. அதற்குள் அணைத்து எழுப்புங்கள் என்பதே உடனடி ஆணை. நொடியின் நூற்றில் ஒரு பங்காக எண்ணும், குறியுள்ள 32 பிட் எண்ணி நிரம்புவதற்கு ஆகும் காலம்தான் அந்த 248 நாள். பல கோடி டாலர் விமானத்துக்கே இந்த ஏற்பாடு என்றால், இரண்டாயிரம் ரூபாய் பெட்டியைக் குறைசொல்லி என்ன செய்ய?

மறுதொடக்கத்துக்குக் காவல்காரன் வேலையும் ஒருமுறை கிடைத்தது. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் வீட்டு, சிற்றலுவலகப் பெட்டிகளில் புகுந்திருந்தது தெரியவந்தபோது, எல்லாரும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொது வேண்டுகோள் விட்டது. நினைவகத்தில் மட்டும் தங்கிய பகுதி அதில் அழியும். சேமிப்பில் ஒட்டிக்கொண்ட முதல் பகுதி அழியாது. நம் ஊரில் அதற்கு ஓராண்டு முன்பே, 2017 ஜூலையில், பிஎஸ்என்எல் மோடம்கள் பல்லாயிரம் ஒரே வீச்சில் முடங்கின. கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததுதான் நுழைவாயில். பெட்டியின் அமைப்பையே கெடுத்துவிட்டுப் போன அந்தத் தாக்குதலுக்குச் சுவிட்சைத் தட்டுவது பரிகாரமாகவில்லை. முழு ரீசெட் செய்து, கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார்கள்.

ரீசெட் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அணைத்துப் போடுவதன் பெரிய அண்ணன் இது என்று நினைத்துக் குண்டூசியால் பத்து நொடி அழுத்துபவர்கள் உண்டு. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் இதில் முன்னணி. அழுத்தினால் பெட்டி ஆலையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். வைஃபை பெயர் போகும். பயனர் பெயர், கடவுச்சொல், நிறுவனம் கேட்கும் விலான் எண் எல்லாம் போகும். சில நிறுவனங்களின் பெட்டி மறுபடி எல்லாவற்றையும் தானாக இறக்கிக்கொள்ளும். மற்றவற்றில், பச்சை விளக்கு எரிய, நெட் இல்லாமல், மடிக்கணினியோடு ஆள் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மறுதொடக்கத்தின் கதையில் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு திருப்பம் உண்டு. 2008இலிருந்து ஐந்தாறு ஆண்டு தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில், சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. டேட்டாஒன் மோடம் வைத்திருந்த வீடுகளில் அதை யாரும் அணைத்துப் போட வேண்டியிருக்கவில்லை. மின்வாரியமே நாளுக்கு நாலு முறை அந்த வேலையைச் செய்தது. மோடம் மூப்படைய நேரமே இல்லை. பிறகு கரண்ட் தொடர்ந்து வரத் தொடங்கியது. இன்வெர்ட்டர் பரவியது. பெட்டிக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலைவரை கரண்ட் நிறுத்தும் நாளிலும் அது சில மணி நேரம் தாங்கும். இப்போதுதான் பெட்டிகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இடைவிடாமல் ஓடுகின்றன. நிரம்பும் அட்டவணையும் கசியும் நினைவகமும் இப்போதுதான் தலைகாட்டுகின்றன. வெட்டு இருந்த காலத்தில் மறைந்திருந்த கோளாறு, வெட்டு குறைந்ததும் வெளியே தெரிகிறது.

வீட்டில் கரண்டைக் கட்டிக்காத்தால் மட்டும் போதாது. ஓஎல்டி இருக்கும் அறையில் பேட்டரி இறங்கிவிட்டால் ஊர் முழுக்கச் சிவப்பு விளக்குதான். 2011இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம், தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் வழியாக 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லக் கிளம்பியது. அந்த இழை முடிவது ஊராட்சியின் கட்டடத்தில். சாயங்காலம் பூட்டிக்கொண்டு போகிறவர் சிக்கனமாக மெயினையும் அணைத்துவிட்டால் அதை நம்பியிருக்கும் இணைப்புகளுக்குக் காலை பத்து மணிவரை விடியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கம்பங்கள் சாய்ந்தன. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 காலை ரயில்கள் நின்றன. மாவட்டத்தின் பல பகுதிகளில் கரண்ட் வர நாட்கள் ஆயின. அந்த வாரத்தில் வீட்டுப் பெட்டியை யாரும் சந்தேகிக்கவில்லை. கோளாறு எங்கே என்று கண்ணுக்கே தெரிந்தது. சாதாரண நாளில், ஒரு வீட்டுக்கான இழை மட்டும் எங்கோ ஒரு கிளையில் அறுந்து கிடக்கும்போதுதான் பழி பெட்டியின் மேல் விழுகிறது.

உண்மையில், அணைத்துப் போடும் முன்பே நிறுவனத்துக்குப் பாதி விடை தெரியும். ஜிபான் பெட்டிக்குக் கரண்ட் போனால், சர்வருக்கு இல்லாவிட்டாலும், உள்ளே மிச்சமிருக்கும் மின்னில் ஓஎல்டிக்குக் கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் ஓயும். இழை அறுந்தால் அந்தச் செய்தி வராது. ஒளி மட்டும் காணாமல் போகும். ஆக, வீட்டில் கரண்ட் போயிற்றா, கம்பி போயிற்றா என்பது அலுவலகத் திரையில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. உங்கள் பெட்டிக்கு எத்தனை டெசிபெல் ஒளி கிடைக்கிறது என்பதும் அங்கே தெரியும். நிறுவனத்தின் ஏற்பாடு அனுமதித்தால் அங்கிருந்தபடியே பெட்டியை மறுதொடங்கவும் முடியும். இத்தனையும் இருந்தும் முதல் கேள்வியாக "ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா" என்று வருவதற்குக் காரணம் செலவுக் கணக்கு. பத்து அழைப்பில் சிலவாவது அதில் தீர்ந்தால் அத்தனை முறை பைக்கை எடுக்க வேண்டாம். கேபிள்காரர் பக்கமிருந்து பார்த்தால் நியாயம்தான். இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு பத்துக் கிராமத்தைப் பார்க்கிறவர் அவர். பெரிய நிறுவனங்கள் இதையே புகார் பதியாமல் இருப்பதற்கான தடுப்புச் சுவராக வைத்திருப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2012இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வகுத்த விதிப்படி, புகார் என்று சொன்னால் பதிவு எண் தந்தாக வேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு உண்டு. 2006இன் பிராட்பேண்ட் தர விதிகள், மூன்று வேலைநாளுக்கு மேல் பழுது கிடந்தால் ஏழு நாள் வாடகை, ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள், பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாத வாடகை கழிக்க வேண்டும் என்றன. 2024இல் இந்தத் தர விதிகள் திருத்தி ஒன்றாக்கப்பட்டன. கழிவு கேட்கும் உரிமை உண்டு என்பதே ஊர்ப்பக்கம் பலருக்குத் தெரியாது. கேட்க வேண்டுமானால் பழுது தொடங்கிய நேரம் கையில் இருக்க வேண்டும். அதைத்தான் அணைத்துப் போடுவது துடைத்துவிடுகிறது: பெட்டியின் உள்பதிவு பெரும்பாலும் நினைவகத்தோடு போய்விடும், எந்த விளக்கு எப்படி எரிந்தது என்பதும் மறந்துவிடும்.

ஆகவே சுவிட்சில் கைவைக்கும் முன் போனில் பெட்டியின் முகத்தை ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. நேரமும் அதிலேயே பதிந்துவிடும். பச்சை எல்லாம் எரிந்து நெட் மட்டும் இல்லையென்றால் தாராளமாக அணையுங்கள், அரை நிமிடம் விட்டுப் போடுங்கள், ஐந்து நிமிடம் தொடாதீர்கள். சிவப்பு எரிந்தால் விட்டுவிட்டு நேரே போனை எடுங்கள். "ஆஃப் பண்ணிப் போடுங்க" என்று மறுமுனையில் தொடங்கினால், "லாஸ் எரியுது தம்பி, உங்க திரையில பவர் எவ்ளோ காட்டுது?" என்று கேட்டுப் பாருங்கள். மைனஸ் 27ஐத் தாண்டிய எண்ணோ, எண்ணே இல்லையென்ற பதிலோ வந்தால், ஏணியோடு ஆள் வந்து ஜாயின்ட் போட்டுத்தான் ஆக வேண்டும்.